கூரையைத் தாங்கிய ஐந்து பேர்

அழைப்புப் பலகையில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். மைக் கட்டாயம். சண்டை முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். புது ஆட்கள் வேண்டாம். பொறுமையைச் சோதிக்காதீர்கள். விளையாட ஆள் கூப்பிடுகிறார்களா, வாசலில் நாய் ஜாக்கிரதை என்று பலகை மாட்டுகிறார்களா என்று எனக்குச் சந்தேகமே வரும்.

அது இணையத்தில் ஆறு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. முன்பின் தெரியாத ஆறு பேர் ஒரு கோட்டைக்குள் நுழைந்து, அறை அறையாகச் சண்டை போட்டு முன்னேறி, கடைசி அறையில் நிற்கும் காவலனைத் தாண்டி ஒரு கதவைத் திறக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் கடல். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடல் மணலில் கால் வைத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அலை போட்டிருக்கும். அலை இல்லாதவனை அங்கே ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

கடைசி அறையில்தான் வினை. காவலனை வாளால் ஒன்றும் செய்ய முடியாது. அவன் ஆறு பேரில் யாராவது ஒருவரை, தன் இஷ்டத்துக்கு, பிடித்து உள்ளறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவான். உள்ளறைச் சுவரில் நான்கு படங்கள் வரிசையாகத் தெரியும். வெளியே இருக்கும் ஐந்து பேர் முன்னால் எட்டு மணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். உள்ளே இருப்பவர் வரிசையைச் சொல்ல, வெளியே இருப்பவர்கள் அதே வரிசையில் மணியை அடிக்க வேண்டும். அதற்குள் கூரை மெல்ல இறங்கிக்கொண்டே வரும். தரையைத் தொட்டால் அத்தனை பேரும் கூழ். உள்ளறையில் தட்டச்சு வேலை செய்யாது. வாயால்தான் சொல்ல வேண்டும். இந்தச் சண்டையை உருவாக்கியவனுக்கு என்மேல் ஏதோ தனிப்பட்ட பகை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

ஏனென்றால் எனக்குத் திக்கும்.

சும்மா அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திக்குகிற ரகம் இல்லை. 'த' என்று தொடங்கும் சொல் வந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு, தாழ்ப்பாள் போட்டதுபோல் நின்றுவிடும். கண் மூடிக்கொள்ளும், தாடை ஒரு பக்கமாக இழுக்கும், எதிரே நிற்பவர் தன் செருப்பை ஆராயத் தொடங்குவார். விளையாட்டில் நான் வைத்துக்கொண்ட பெயர் ஊமைவெயில். மற்றவர்கள் பெயர் வைப்பதற்கு முன்னால் நாமே வைத்துக்கொள்வது நல்லது.

என் பிழைப்பு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நடக்கிறது. வட்டமாக வரும் லென்ஸை பிரேமின் அளவுக்கு அரைத்து, விளிம்பைச் சீவி, பிரேமைச் சூடு காட்டி இளக்கி, உள்ளே உட்கார வைப்பது என் வேலை. நடுப்புள்ளி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். வாய் தேவைப்படாத வேலை என்பதால்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதையும் சித்தப்பாதான் முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த எல்லாமே இப்படி இன்னொருவர் வாய் வழியாகக் கிடைத்ததுதான். கல்யாணம்கூட. அவளைப் பிடித்திருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிடும் போலிருக்கிறதே என்று, அவளே அதைச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து என் வாயும் அவள்தான். டாக்டரிடம் என் வயிற்றுவலியை அவள்தான் விவரிப்பாள், எனக்கே தெரியாத தகவல்களோடு. நான் 'த' என்று ஆரம்பித்தால் போதும். தண்ணீர், தலையணை, தலைவலி மாத்திரை மூன்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டு எது என்று பார்ப்பாள். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. அன்பாகவே அடைத்தாலும் அடைபடுவது வாய்தானே.

அந்தக் கடல் மட்டும் அப்படிக் கிடைக்க வேண்டாம் என்று இருந்தது. அந்த நான்கு சொற்களை நானே சொல்லி, அந்தக் கதவை நானே திறக்க வேண்டும். சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரியும். தெரிந்தும் ஆசை விடவில்லை.

தயாரிப்பில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இந்தச் சண்டையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் அத்தனையும் பார்த்துத் தீர்த்தாயிற்று. எந்த மூலையில் ஈட்டி வரும், எந்தப் படிக்கட்டில் வழுக்கும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அதாவது எழுதிக் காட்டுவேன். கடையில் லென்ஸ் அரைக்கும் இயந்திரம் ஓடும்போது, அந்த இரைச்சலில் தனியாக இருந்தால் எனக்குத் திக்காது. தேள், தராசு, கொம்பு, கூடு, ஏணி என்று எட்டுப் படங்களின் பெயரும் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். இயந்திரத்தை நிறுத்தினால் முன்னறையில் வியாபாரம் பார்ப்பவர் எட்டிப் பார்த்து, யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும், வராது.

இவ்வளவு தெரிந்து என்ன பிரயோஜனம்? கோட்டை வாசலிலேயே ஒவ்வொருவராக மைக்கில் பேசிக் காட்டச் சொல்வார்கள். என் முறை வந்ததும் ஒரு மௌனம். பிறகு, தயாராகாமல் வருகிறவர்களை வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது என்று யாராவது ஒருவர் சொல்வார். அடுத்த நிமிடம் நான் வெளியே கிடப்பேன். சொன்னவர்களில் பாதிப் பேர் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற ஜாதி. எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அந்தக் கோட்டையை ஒற்றை ஆளாகவே இடித்திருப்பேன்.

ஒரு விடுமுறை நாள் மதியம் இப்படி நான் வெளியே தள்ளப்பட்டதை, கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி பார்த்துவிட்டாள். என்ன விஷயம் என்று கேட்டாள். பாதி சொன்னேன், மீதியை வழக்கம்போல அவளே சொல்லிக்கொண்டாள். கையிலிருந்த துண்டை வைத்துவிட்டு வந்து, என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டினாள்.

“நீங்க கையைக் காட்டுங்க. நான் சொல்றேன். இதுக்குப் போய் இவ்ளோ வருத்தமா?” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் அவ்வளவு உற்சாகம். விட்டுவிட்டேன்.

அடுத்த குழுவின் தலைவர் பெயர் அரை டிக்கெட். பெயர்தான் அப்படி, குரல் கதவை உடைப்பது போல் இருந்தது. மைக் சோதனையில் என் மனைவி அமோகமாகத் தேறினாள். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தாள். ஒருவருக்கு இருமல் இருப்பதைக் கண்டுபிடித்து வெந்நீர் குடிக்கச் சொன்னாள். அறை அறையாக நான் சண்டை போட்டேன், அவள் ஊர்க்கதை பேசினாள். கடைசி அறையில் காவலன் வந்தான், ஆறு பேரையும் ஒரு பார்வை பார்த்தான், என்னைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படங்கள் உண்மையில் படங்களே இல்லை, கல்லில் கீறிய பழங்காலக் கோடுகள். இது ஏணி, இது தராசு, இது கொம்பு, இது கூடு என்று ஆடுகிறவர்கள் பேசிப் பேசி வைத்துக்கொண்ட பெயர்கள்தான் அவை. அது எனக்கு மனப்பாடம். அவளுக்கு ஒன்றுகூடத் தெரியாது. நான் படங்களைக் காட்டினேன். அவள் கண்ணுக்குத் தெரிந்ததை, தெளிவாக, நல்ல உச்சரிப்போடு சொன்னாள்.

“முதல்ல ஒரு மீன்முள்ளு. அடுத்தது யாரோ ஒருத்தன் ரெண்டு தோள்லயும் குடம் தூக்கிட்டு நிக்கிறான். அப்புறம் ஒரு வாழைப்பழம். கடைசியா, தலையே வாராத ஒரு பொம்பளை.”

வெளியே ஐந்து பேரும் எட்டு மணிகளைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். எந்த மணியில் வாழைப்பழம் என்று அரை டிக்கெட் அலறினார். மஞ்சளாகத் தேடாதீர்கள் தம்பி, கல்லில் செதுக்கினது என்று இவள் பொறுமையாக விளக்கினாள். கூரை வந்து சேர்ந்தது. ஆட்டம் தெரியாதவர்கள் எல்லாம் ஏன் வருகிறீர்கள் என்று அரை டிக்கெட் கத்தி எங்களை வெளியே தள்ளினார். தொடர்பு அறுந்த பிறகும் என் மனைவி விடவில்லை. பெரியவர்களிடம் பேசும் முறையா இது என்று செத்துப்போன மைக்கில் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் கெடுத்துவிட்டேனா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அடுத்த தடவை நானே சொல்கிறேன் என்றும் சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க நேரமாயிற்று. நடுவில் அவள் எனக்காக முடித்து வைக்க வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் காத்திருந்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் பலகையில் ஒரு வித்தியாசமான அழைப்பு இருந்தது. எழுதியவர் பெயர் தலைவலி. 'ஐந்து பேர் வேண்டும். உங்களுக்கு எது வராது என்பதை வந்ததும் சொல்லிவிடுங்கள்.' இவ்வளவுதான். எது தெரியும் என்று மிரட்டிக் கேட்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எது வராது என்று கேட்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். உள்ளே போனேன்.

தலைவலி ஒரு பெண். கொஞ்சம் கரகரத்த குரல். பேச்சுவாக்கில் தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதாகச் சொன்னார். எனக்கு முன்பே நான்கு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் அரை டிக்கெட்.

என் பெயரைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டிவிட்டது. “அய்யய்யோ, இது அந்த வாழைப்பழ அக்கா. இவங்களை வெச்சுக்கிட்டா இன்னைக்கும் கதை கந்தல்தான், எடுத்துடுங்க” என்றார். மற்றவர்களுக்கு அந்தக் கதையையும் சொன்னார். நன்றாகவே சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கு எது வராது என்று தலைவலி என்னைக் கேட்டார்.

தட்டச்சு செய்தேன். அன்று பேசியது என் மனைவி. எனக்குத் திக்கும். சண்டை அத்துப்படி. ஆனால் உள்ளே என்னைத் தள்ளினால் சொல்ல நேரமாகும். எழுதிவிட்டு, வெளியேறும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டேன். தள்ளப்படுவதற்கு முன்னால் நானே குதித்துவிடுவது என் வழக்கம்.

“எவ்ளோ நேரம் ஆகும்?” என்று கேட்டார் தலைவலி.

விரல் அப்படியே நின்றது. பதட்டப்படாதீர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. மெதுவாகப் பேசுங்கள் என்று சொன்னவர்கள் ஏராளம், என்னமோ நான் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருப்பது போல. அடடா என்று உச்சுக்கொட்டியவர்களும் உண்டு. எவ்வளவு நேரம் வேண்டும் என்று பிறந்ததிலிருந்து என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. அதில் இரக்கம் என்று எதுவும் இல்லை. சுமை எவ்வளவு கனம் என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

தெரியாது, சில சொல்லுக்குக் கூரை விழுந்து அதற்கு மேலும் ஆகும் என்று எழுதினேன்.

“சரி. அப்போ கூரையைப் பிடிச்சு நிறுத்தணும்” என்றார்.

கூரையை நிறுத்த ஒரு வழி உண்டு. அறையின் நான்கு தூண்களுக்கும் ஆளுக்கொருவராகத் தோள் கொடுத்தால் கூரை நின்றுவிடும். ஆனால் தோள் கொடுப்பவரின் உயிர் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மூலிகைத் தழையைத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு வீடியோவில் இதைக் காட்டி, இது வெட்டி வேலை, யாரும் செய்யாதீர்கள் என்று சிரித்திருந்தார்கள். வாய் உள்ளவனுக்கு வெட்டி வேலைதான். சண்டை அத்துப்படி என்றீர்களே, எந்தத் தழை, எங்கே கிடைக்கும் என்று தலைவலி என்னிடமே கேட்டார். எழுதித் தள்ளினேன். அகழியின் வடக்குக் கரையில் முளைக்கும் தழைதான் நின்று வேலை செய்யும், தெற்குக் கரையில் இருப்பது வெறும் புல், கனமான கவசம் போட்டவர்கள் முன்தூண்களில் நின்றால் ஒழுக்கு குறையும் என்று எனக்குத் தெரிந்த அத்தனையும்.

“ஒருத்தர் நாலு வார்த்தை பேசறதுக்கு நாங்க மத்தியானம் பூரா தழை பறிக்கணுமா?” என்றார் அரை டிக்கெட்.

“ஆமா. கிரேன்ல சுமை தொங்கும்போது அது ஆடி நிக்கிற வரைக்கும் நான் இறக்க மாட்டேன். கீழ இருக்கறவங்க கத்துவாங்க, கத்தட்டும்னு விட்டுடுவேன். பிடிக்கலைன்னா நீங்க கிளம்பலாம், கோச்சுக்க மாட்டேன்” என்றார் தலைவலி.

அவர் கிளம்புவார் என்றுதான் நினைத்தேன். கிளம்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அகழியில் இறங்கினார். அந்த மதியம் ஆறு பேரும் முழங்கால் சேற்றில் நின்று தழை பறித்தோம். எனக்காக மற்றவர்கள் வேலை செய்வது எனக்கு முதலில் கூசியது. ஆனால் யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. சேற்றைத் திட்டினார்கள், அட்டையைத் திட்டினார்கள், தெற்குக் கரையில் வெறும் புல்லைப் பறித்துக்கொண்டு வந்த ஒருவரை எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். ஆறில் ஒருவனாக நானும் பறித்தேன். கூச்சம் போய்விட்டது.

நடுவில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஒன்று கேட்டார். எந்த எழுத்து எனக்குச் சுலபமாக வருமோ அதற்குத் தகுந்தாற்போல் படங்களுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமே என்றார். வேண்டாம், எல்லோரும் சொல்லும் பெயரையே சொல்கிறேன், ஆனால் என் சொல்லை நடுவில் பிடுங்கி யாரும் முடித்து வைக்கக் கூடாது என்று எழுதினேன். தலைவலி அதைச் சட்டமாகவே போட்டுவிட்டார். உள்ளே இருப்பவரின் சொல் முடிகிற வரை யாரும் மணியைத் தொடக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது.

கடைசி அறைக்கு வந்தோம். காவலன் ஆறு பேரையும் பார்த்தான். அரை டிக்கெட்டைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

மனிதர் படபடவென்று பொரிந்து தள்ளினார். மூச்சு விடும் நேரத்தில் நான்கு பெயரும் வந்துவிட்டன. அவர் சொன்னபடியே முதல் மணியை அடித்தோம். தப்பான மணி அடித்தால் கூரை ஒரேயடியாக விழும். விழுந்தது. அவசரத்தில் வரிசையை வலமிருந்து இடமாகப் படித்திருக்கிறார்.

கோட்டை வாசலில் மறுபடி உயிர் வந்து நின்றோம். தலைவலி, “எது வராதுன்னு வந்ததும் சொல்லச் சொன்னேன். இடது வலது வராதுன்னு நீங்க சொல்லவே இல்லையே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அரை டிக்கெட்டும் சேர்ந்துதான். அதற்குப் பிறகு அவருடைய சத்தம் பாதியாகக் குறைந்தது.

பறித்த தழை அப்படியே இருந்தது. மறுபடி உள்ளே போனோம். இதற்குள் என் மனைவி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலன் வந்தான். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. நேராக என்னிடம் நடந்து வந்து என் கழுத்தைப் பிடித்தான்.

உள்ளறை இருட்டாக இருந்தது. சுவரில் படங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. விளக்கு, கூடு, ஏணி, தராசு. மைக்கைத் திறந்தேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. வெளியே நான்கு தூண்களுக்கும் நான்கு பேர் தோள் கொடுத்தார்கள், தலைவலி மணிகளுக்கு நடுவில் நின்றார். கூரை ஒரு முனகலோடு நின்றது.

'விளக்கு' நல்ல பிள்ளையாக வந்துவிட்டது. மணி அடித்தது. 'கூடு' தொண்டையில் மாட்டிக்கொண்டது. க, க, க என்று கோழிக்குத் தானியம் போடுவது போல நின்றேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஆம், இல்லை, பரவாயில்லை, எதுவும் இல்லை. தழையைக் கடிக்கும் சத்தம் மட்டும் நான்கு பக்கத்திலிருந்தும் நறுக் நறுக்கென்று கேட்டது. 'கூடு' வந்தது. இரண்டாவது மணி அடித்தது.

'ஏணி'யில் மூச்சே அடைத்துக்கொண்டது. வாய் திறந்திருக்கிறது, காற்று வரவில்லை. நறுக் நறுக். யாரோ மைக்கில் மூச்சு வாங்கினார்கள். அவ்வளவு நேரமும் ஒருவர்கூட எதையும் ஊகித்து எடுத்துக் கொடுக்கவில்லை. வந்தது. மூன்றாவது மணி.

தராசு மிச்சம்.

நாக்கு மேலே போய் ஒட்டியது. எனக்குத் தெரிந்த அதே தாழ்ப்பாள். தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. எடைக்கல் என்று சொல்லியிருக்கலாம், குடம் தூக்கியவன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அரை டிக்கெட்டுக்கே புரிந்திருக்கும். என் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் சந்து பொந்தில் புகுந்து வந்திருக்கிறேன். குடிக்க ஆசைப்பட்டதைக் கேட்காமல், சொல்ல வருவதைக் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறேன். போக வேண்டிய நிறுத்தத்தின் பெயர் வராமல் முந்தின நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி நடந்திருக்கிறேன். இப்போது வேண்டாம் என்று தோன்றியது. இது என் சொல். இதற்கான நேரத்தை ஐந்து பேர் சேற்றில் நின்று எனக்காகப் பறித்து வைத்திருக்கிறார்கள்.

த. த. நறுக் சத்தம் ஒரு தூணில் நின்றுபோனது. தழை தீர்ந்துவிட்டது. கூரை ஒரு சாண் இறங்கியதை உள்ளிருந்தே உணர்ந்தேன். யாரோ தரையில் எதையோ உருட்டிவிடும் சத்தம் கேட்டது. நின்ற தூணில் நறுக் மறுபடி தொடங்கியது. யாருடைய பங்கோ அங்கே போயிருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். என் மனைவி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடம் தூக்கியவன்தான் தராசு என்பது இப்போது அவளுக்கும் தெரியும், அந்தச் சொல் அவள் நுனிநாக்கில் இருந்தது எனக்குத் தெரியும். விரலுக்கு மேலே கண் இரண்டும் கலங்கியிருந்தன. ஆனால் பொத்திய கையை அவள் எடுக்கவில்லை.

அவசரமே இல்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. உண்மையாகவே இல்லை. யாரும் எங்கும் போகப்போவதில்லை. தாடையைத் தளர விட்டேன். நாக்கு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். பிறகு அது பாட்டுக்குக் கீழே இறங்கியது.

“தராசு” என்றேன்.

முழுசாக, ஓர் எழுத்துக் குறையாமல். நான்காவது மணி அடித்தது. காவலன் உச்சியிலிருந்து பழைய சுவர் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தான். ஹெட்செட்டில் கூச்சல் காதைப் பிளந்தது. என் மனைவி கையை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஜெயித்துவிட்டேன், என் வாயால் ஜெயித்துவிட்டேன் என்று உடம்பு முழுக்க ஓடியது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லாத அளவு சந்தோஷம்.

உள்ளறைப் பூட்டு கடைசியாகத்தான் திறக்கும். உள்ளே இருந்தவர் வெளியே வருவதற்குள் மற்றவர்கள் மணலில் ஓடி, அலையை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஆடும் ஆட்டத்தில் அதுதான் நடைமுறை. எல்லா வீடியோவிலும் அப்படித்தான். அறை காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஐந்து பேரும் வாசற்படியில் நின்றிருந்தார்கள். கதவு அகலத் திறந்து கிடந்தது, அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் நீலம். ஒருவர்கூட மணலில் கால் வைக்கவில்லை. அரை டிக்கெட் நேராக நிற்கக்கூட முடியாமல் தூணில் சாய்ந்திருந்தார், உயிர் நூலிழையில் இருந்தது. தன் பங்குத் தழையைக் கட்டாக உருட்டிவிட்டது அவர்தான். எனக்குக் கோபம் வந்தது. கடலை எதிரில் வைத்துக்கொண்டு இப்படியா மரம் மாதிரி நிற்பார்கள்?

திட்ட வேண்டும் போலிருந்தது. முதலில் வாயில் வந்தது அந்த எழுத்தில் தொடங்கும் திட்டுதான். வேறு திட்டு எத்தனையோ இருக்கிறது, சுலபமாக வருவதாகவே இருக்கிறது. எனக்கு இதுதான் வேண்டும் என்று இருந்தது. மைக்கைத் திறந்தேன். த என்று ஆரம்பித்தேன். நின்றது. மறுபடி ஆரம்பித்தேன். கூரை இறங்கவில்லை, தழை தேவையில்லை, எந்தக் கதவும் பாக்கி இல்லை. ஆனாலும் ஐந்து பேரும் அசையாமல், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“த… தடிமாடுங்களா, எதுக்கு நிக்கிறீங்க? கடலு ஓடியா போயிடும்னு நெனச்சீங்க? போங்க.”

சொல்லி முடிக்கும்வரை நின்று, முழுத் திட்டையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஓடினார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.